கல் இருக்கும் சிறுநீரகத்தைக் கொடுக்கலாமா?

(பள்ளிகொண்டாவில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் ஒரு பெரியவர் கேட்டார்: "கல்லடைப்பு பத்திப் பேசப் போறீங்களா, கிட்னி மாத்துறதைப் பத்திப் பேசப் போறீங்களா?" இரண்டையும்தான் ஐயா. தன் சிறுநீரகத்தைத் தானமாகக் கொடுக்க முன்வருகிற ஒருவருக்கு, அந்தச் சிறுநீரகத்துக்குள்ளேயே கல் இருந்தால் என்ன செய்வது? இதுதான் இன்றைய பேச்சு. நான் கத்தி பிடிக்கிற டாக்டர் இல்லை. மருத்துவத்தைப் படித்து, விசாரித்து எழுதுகிறவன். எனவே யாருக்கும் வைத்தியம் சொல்ல வரவில்லை. டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று சொல்லவே வந்தேன்.

கடைசி பஸ்ஸுக்கு நடுவில் எழுந்து போகிறவர்கள் இருப்பீர்கள். அதனால் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேனில் கல் தெரிந்துவிட்டது என்பதாலேயே தானம் கைவிட்டுப் போய்விடாது. பல சமயம் அந்தக் கல்லை, சிறுநீரகம் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகும் வழியிலேயே எடுத்துவிடலாம். ஆனால் எடுக்க முடிகிறது என்பதற்காக எல்லோரிடமும் வாங்கிவிடக் கூடாது. கொடுப்பவருக்கு நாளைக்கு என்ன ஆகும் என்பதை வைத்தே அதை முடிவு செய்ய வேண்டும்.

இந்தப் பேச்சைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. பக்கத்தில் இருக்கிற வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் 1971 டிசம்பரில் இந்தியாவின் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று நடந்தது. அறுவை செய்தவர் டாக்டர் மோகன் ராவ். சிறுநீரக மருத்துவத்தைக் கவனித்தவர் டாக்டர் கே. வி. ஜானி. சிறுநீரகத்தைக் கொடுத்தவர் உயிரோடு இருந்த ஒரு மனிதர். உலகத்திலேயே இது முதன்முதலாக வெற்றி பெற்றது 1954 டிசம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். டாக்டர் ஜோசப் மர்ரே இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்குப் பொருத்தினார். பதினேழே வருடத்தில் அந்த வித்தை நம் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வீடு என்று தேட வேண்டாம்; இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவிலும் இருக்கக் கூடிய வீடுதான். மகனுக்கு முப்பத்திரண்டு வயது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கவனிக்காமல் விட்டதில் சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறிப் போய், இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் சம்பளம் போச்சு. அம்மா சொல்கிறார்: "எம் புள்ளைக்கு நான் குடுக்கிறேன், என்னுதை எடுத்துக்குங்க." ரத்தப் பிரிவு பொருந்துகிறது. மற்றப் பொருத்தமும் பார்த்தாயிற்று. கடைசியாக சி.டி. ஸ்கேன். ரிப்போர்ட்டில் ஒரு வரி: இடது சிறுநீரகத்தின் கீழ் அறையில் ஐந்து மில்லிமீட்டர் கல். அந்த அம்மாவுக்கு வாழ்நாளில் ஒரு நாள்கூட இடுப்பு வலித்ததில்லை. இருந்தும் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "நான் குடுக்கிறதுகூடக் குறையுள்ளதா இருக்குதே" என்று அழுகிறார்.

அம்மாவைப் போல எத்தனையோ பேர் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், தானம் கொடுக்க வந்த 1,957 பேரின் பரிசோதனைகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வலியோ தொந்தரவோ இல்லாமலே ஸ்கேனில் மட்டும் கல் தெரிந்தவர்கள் 11 சதவீதம். ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒருவர். கல்லடைப்பு வந்து சுருண்டு விழுந்தவர்கள் மட்டும்தான் கல்லுள்ளவர்கள் என்று நாம் நினைக்கிறோம். கல் பெரும்பாலும் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். அது நகர்ந்து சிறுநீர்க் குழாயில் இறங்கி அடைக்கும்போதுதான் ஆளை உருட்டிப் போடும்.

முன்பெல்லாம் கல் என்றாலே டாக்டர்கள் தலையாட்டி மறுத்துவிடுவார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. கொடுத்தவருக்கு மிச்சம் இருப்பது ஒரே சிறுநீரகம். அதில் கல் வந்து அடைத்துவிட்டால் அவர் கதி? வாங்கியவருக்கும் அந்த ஒன்றுதான் கதி. அதிலே ஒரு சங்கதி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்துக்கு நரம்புத் தொடர்பு கிடையாது. எடுக்கும்போது ரத்தக் குழாய்களோடு நரம்புகளும் அறுபடுகின்றன. ரத்தக் குழாயைத் தைத்துச் சேர்க்கலாம். அந்த மெல்லிய நரம்புகளைச் சேர்க்க முடியாது. ஆகவே அங்கே கல் அடைத்தால், நமக்கு வருகிற அந்த உயிர் போகிற வலி அவருக்கு வராது. சிறுநீர் குறையும், கிரியேட்டினின் ஏறும், காய்ச்சல் வரும். உடம்பு புது உறுப்பை நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை வேறு சாப்பிடுகிறார்; அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் வேகமாகப் பரவும். நமக்கெல்லாம் வலி ஒரு காவல்காரன். அந்தக் காவல் அவருக்கு இல்லை.

"அப்படியானால் மறுத்ததே சரிதானே?" என்று கேட்பீர்கள். 2004 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் உலகத்தின் பல நாடுகளைச் சேர்ந்த சிறுநீரக மாற்று நிபுணர்கள் கூடி, உயிரோடிருந்து தானம் கொடுப்பவர்களை எப்படிப் பாதுகாப்பது என்று விதிமுறை வகுத்தார்கள். கல் இருப்பவரைக் கண்ணை மூடிக்கொண்டு மறுக்க வேண்டியதில்லை என்று அங்கே சொன்னார்கள். ஒரே ஒரு கல், ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைவு, அல்லது மாற்று அறுவையின்போதே எடுத்துவிடக் கூடியது. கல்லை உண்டாக்கும் கோளாறு உடம்பில் இல்லை. இப்படிப்பட்டவரைப் பரிசீலிக்கலாம் என்றார்கள். பிற்பாடு 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும், திரும்பக் கல் வர எவ்வளவு வாய்ப்பு என்று ஆளுக்கு ஆள் மதிப்பிட்டு முடிவெடுக்கச் சொல்கிறது.

மதிப்பிடுவது எப்படி? இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீரை முழுக்க ஒரு கேனில் பிடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். சோம்பல்படாமல் பிடித்துக் கொடுக்க வேண்டிய பரிசோதனை அது. அதில் கால்சியம் எவ்வளவு, ஆக்சலேட் எவ்வளவு, யூரிக் அமிலம் எவ்வளவு, கல்லைத் தடுக்கும் சிட்ரேட் போதுமா என்று பார்ப்பார்கள். இரண்டு சிறுநீரகத்திலும் கல் என்றால், அடிக்கடி கல் வந்து போனவர் என்றால், கிருமித் தொற்றால் வளரும் கல் அல்லது பரம்பரையாக வரும் சிஸ்டின் கல் என்றால், பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த "வேண்டாம்" அவரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லப்படுவது. அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இந்தச் சல்லடையில் தங்காமல் வந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் மட்டும் கல். இப்போது எந்தச் சிறுநீரகத்தை எடுப்பது? நம் சாதாரண புத்தி என்ன சொல்லும்? மகன் நோயாளி, அவனுக்கு நல்லதைக் கொடு, கல் உள்ளதை அம்மா வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லும். அம்மாவே அப்படித்தான் சொல்வார். மருத்துவ அறம் நேர் எதிராகச் சொல்கிறது: கல் உள்ளதை எடு, சுத்தமானதை அம்மாவிடமே விடு. அவர் ஆரோக்கியமாக உள்ளே வந்தவர்; தனக்கு எந்த லாபமும் இல்லாத ஓர் அறுவைக்குச் சம்மதித்தவர். இரண்டில் எது மேலானதோ அது அவரோடுதான் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை இன்று இங்கே வந்த எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டால் நான் வந்த வேலை முடிந்தது.

சரி, கல்லோடு எடுத்த சிறுநீரகத்தை மகனுக்கு எப்படிப் பொருத்துவது? அறுவை அரங்கத்துக்குள் போவோம்.

ஓர் அரங்கில் அம்மா, அடுத்த அரங்கில் மகன். அம்மாவின் சிறுநீரகத்தை விடுவித்து, ரத்தக் குழாய்க்குக் கவ்வி போட்டு வெளியே எடுத்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. உடம்பின் சூட்டிலேயே ரத்தம் இல்லாமல் கிடந்தால் அந்த உறுப்பு வேகமாகக் கெடும். அதனால் உடனே அதன் தமனிக்குள் மெல்லிய குழாய் நுழைத்து, பனிக்கட்டிக் குளிர்ச்சியில் வைத்திருந்த பாதுகாப்புத் திரவத்தைச் செலுத்துகிறார்கள். கருஞ்சிவப்பாக இருந்தது ரத்தம் வடிந்து வெளிறி, சாம்பல் கலந்த நிறத்துக்கு வரும். ஒரு கிண்ணத்தில் நொறுக்கிய கிருமிநீக்கிய பனிக்கட்டி. அதன் நடுவில் சிறுநீரகம். குளிரில் அதன் பசி அடங்கிவிடும்; பிராணவாயு இல்லாமல் பல மணி நேரம் தாங்கும். இறந்தவரிடமிருந்து பெறும் சிறுநீரகங்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக முடிவது இதனால்தான். உயிரோடிருப்பவர் கொடுக்கும்போது அடுத்த அறைதானே, அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் கையில் கொஞ்சம் அவகாசம் கிடைத்துவிட்டது. இந்த மேசையில் வைத்துச் செய்கிற வேலையைத்தான் பெஞ்ச் சர்ஜரி என்கிறார்கள். கொழுப்பை நீக்குவது, ரத்தக் குழாயைத் தைக்கத் தோதாகச் சீர்செய்வது எல்லாம் வழக்கமாகவே இங்கேதான் நடக்கும். கல் எடுப்பதும் இந்த அவகாசத்துக்குள் சேர்ந்துகொண்டது.

சிறுநீரகத்திலிருந்து ஒரு வால் போலத் தொங்குவது சிறுநீர்க் குழாய். அதன் அறுத்த நுனி வழியாக, சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிமனே உள்ள வளையும் உள்நோக்கியை மெதுவாக ஏற்றுகிறார்கள். உதவியாளர் ஒருவர் சிறுநீரகத்தைப் பனிக்குள்ளேயே பிடித்துக்கொள்கிறார். கருவி வழியாகக் குளிர்ந்த உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும்; உள்ளே சூடேறவும் கூடாது, பார்வை மறைக்கவும் கூடாது. திரையில் முதலில் இளஞ்சிவப்புச் சுரங்கம் மாதிரி குழாய் தெரியும். மேலே போனதும் அது விரிந்து அறை அறையாகப் பிரியும். மேல் அறையில் இல்லை, நடு அறையில் இல்லை. நுனியை வளைத்துக் கீழ் அறைக்குள் திருப்பினால், அதோ, மஞ்சள் பழுப்பில் முள்முள்ளாக ஒரு கல். நிட்டினால் என்ற உலோகக் கம்பியால் செய்த மிகச் சிறிய கூடையை விரித்து, கல்லை உள்ளே வாங்கி, மூடி, வெளியே இழுத்து வருகிறார்கள். குழாயில் அடங்காத பருமன் என்றால் ஹோல்மியம் லேசரால் உடைத்துத் துண்டு துண்டாக எடுப்பார்கள். உள்நோக்கிக்கு எட்டாத இடம் என்றால், மேசையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துக் கல் இருக்கும் இடத்தைக் குறித்து, சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் அறையில் சின்னதாகக் கீறி எடுத்துத் தைத்துவிடுவார்கள்.

அப்புறம் வழக்கமான வேலை. மகனின் அடிவயிற்றில், இடுப்பெலும்புக் குழியில் சிறுநீரகத்தை வைத்து, ரத்தக் குழாய்களை இணைத்து, சிறுநீர்க் குழாயை மூத்திரப்பையில் தைத்து, உள்ளே ஒரு ஸ்டென்ட் விட்டுவைப்பார்கள். சில வாரம் கழித்து அதை எடுத்துவிடுவார்கள். எடுத்த கல்லை வீணாக்குவதில்லை, பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அதில் வருகிற பதில் அம்மாவுக்கும் உதவும். உங்களுடையது எந்த வகைக் கல் வரும் உடம்பு, நீங்கள் எதைக் குறைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிவிடலாம்.

இந்த உள்நோக்கி முறையைப் பலருக்குச் செய்து பார்த்து, பாதுகாப்பாக முடிகிறது என்று 2004இல் எழுதியவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள். அடுத்த வருடமே, 2005இல், சர்வதேசச் சிறுநீரியல் இதழ் ஒன்றில் கல்லோடு கூடிய தானச் சிறுநீரகங்களைப் பற்றி வேறொரு கட்டுரை வந்தது. உயிரோடிருப்பவர்கள் கொடுத்த, கல் இருந்த சிறுநீரகங்களை எப்படிப் பயன்படுத்தினோம் என்று அதில் எழுதியவர்கள் யார் தெரியுமா? நம் சி.எம்.சி. சிறுநீரியல் துறையின் ஆன்டனி தேவசியா, நினன் சாக்கோ, கணேஷ் கோபாலகிருஷ்ணன் உள்ளிட்ட டாக்டர்கள். (கைதட்டல்) குஜராத்தின் நடியாத் நகரில் இருக்கும் மூல்ஜிபாய் படேல் சிறுநீரியல் மருத்துவமனையும் 2013இல் தன் அனுபவத்தை வெளியிட்டது.

இந்தியாவில் இந்த ஆராய்ச்சி முளைத்தது தற்செயல் இல்லை. நம் நாட்டில் பெரும்பாலான சிறுநீரகங்கள் உயிரோடிருக்கும் உறவினரிடமிருந்தே வருகின்றன; கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அம்மா, மனைவி, அக்கா என்று பெண்கள்தான். ஒரு குடும்பத்தில் பொருத்தமானவர் ஒருவர் கிடைப்பதே பெரிய பாடு. அவரையும் ஒரு சிறு கல்லுக்காகத் தள்ளிவிட்டால் அடுத்தவர் இல்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனிக் கட்டிங் மேசையில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: ஒரு தோலில் ஒரு இடத்தில் குறை இருந்தால் முழுத் தோலையும் தூக்கிப் போடுவீர்களா? குறையைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதை ஒதுக்கி வெட்டிக்கொள்வீர்கள். அந்தத் தேர்ந்த கண் டாக்டர்களுக்கும் வந்திருக்கிறது.

தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பேசியாக வேண்டும். வீட்டில் கொடுக்க ஆள் இல்லை என்றானதும் சிலர் காதில் ஒரு புரோக்கர் வந்து ஓதுவான். தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. சென்னையில் சிறுநீரகத்தை விற்ற 305 பேரைச் சந்தித்து மாதவ் கோயல் குழுவினர் செய்த ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. அவர்களில் 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. விற்ற பிறகு சராசரிக் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடல்நிலை முன்பைவிட மோசமாகிவிட்டது என்றார்கள். 1994இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கிய பிறகும் ஏழைகளைத் தேடி புரோக்கர்கள் வருவது நிற்கவில்லை. அம்மாவின் சிறுநீரகத்திலிருக்கும் ஐந்து மில்லிமீட்டர் கல்லை மேசையில் வைத்து எடுக்கத் தெரிந்த மருத்துவமனை, ஒரு புரோக்கரின் பிழைப்பையும் கெடுக்கிறது.

நேர்மையான இன்னொரு வழியும் உண்டு. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறுவது. 2008 செப்டம்பரில் மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைப் பெற்றோர் தானம் செய்தபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். அப்படிப் பெறும் சிறுநீரகத்திலும் கல் இருக்கலாம். அதே மேசை, அதே உள்நோக்கி அங்கேயும் உதவும். அங்கே கொடுத்தவரின் எதிர்காலம் பற்றிய கவலை இல்லாததால் முடிவெடுப்பது இன்னும் எளிது.

இனி நம் ஊர்ச் சங்கதி. இங்கே யாரைக் கேட்டாலும் "தண்ணி உப்பு, அதான் கல்லு" என்போம். தோல் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது உண்மை. அதற்கு எதிராக 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் திரும்பவும் தீர்ப்பளிக்க வேண்டி வந்தது. ஆனால் கல் விஷயத்தில் மருத்துவம் உறுதியாகக் காட்டுகிற முதல் குற்றவாளி, சிறுநீர் குறைவாகப் போவது. வெயிலில், தோல் பதனிடும் டிரம் பக்கத்தில் நின்று வியர்த்துக் கொட்டி, அதற்கு ஈடாகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. தையல் லைனில் உட்காரும் பெண்கள் அடிக்கடி பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று மதியம் வரை சொம்பைத் தொடாமல் இருப்பது. வாயில் வைக்க முடியாத தண்ணீரை யார் ஆசையாகக் குடிப்பார்கள்? கெட்டுப்போன ஆறு இந்த வழியாகவும் நம் சிறுநீரகத்தைத் தொடுகிறது என்றே நான் நினைக்கிறேன். நல்ல குடிநீரும் தடையில்லாத கழிப்பறையும் கேட்பது சங்கத்துக் கோரிக்கை மட்டுமில்லை, வைத்தியமும்கூட.

கூட்டம் முடிந்ததும் கேட்கலாம் என்று சீட்டில் எழுதி அனுப்பிய இரண்டு கேள்விகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"கல் எடுத்த சிறுநீரகத்தில் திரும்பவும் கல் வராதா?" கல் உண்டாவது பெரும்பாலும் உடம்பின் போக்கைப் பொறுத்தது. சிறுநீரகம் இப்போது மகன் உடம்பில். மகனின் ரத்தம், மகனின் சாப்பாடு. ஆகவே பழைய கல் போனதும் கதை அநேகமாக முடிகிறது. கண்காணிப்பு மட்டும் தொடர வேண்டும்.

"அம்மா என்ன செய்ய வேண்டும்? வாழைத்தண்டு ஜூஸ் போதுமா?" குடிக்கட்டும், தண்ணீராகவாவது உள்ளே போகும். ஆனால் கணக்கு வேறு. ஒரு நாளில் இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும்; வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக. ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று உப்பைக் குறைக்க வேண்டும். கால்சியத்துக்குப் பயந்து பாலையும் மோரையும் நிறுத்தத் தேவையில்லை. உணவில் இருக்கும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம், டாக்டர் சொன்னால் ஸ்கேன். மகனை மாதாமாதம் கூட்டிப் போகிற வீடு, கொடுத்த அம்மாவை மறந்துவிடுகிறது. "அவங்களுக்கு என்ன, நல்லாத்தானே இருக்காங்க" என்கிறார்கள். நன்றாக இருப்பவரை நன்றாகவே வைத்திருப்பதுதான் நம் கடமை.

ஆகவே உங்கள் வீட்டில், உறவில், இந்த நிலை வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கல் ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? திரும்ப வருமா என்று இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீர் பார்த்தாயிற்றா? பெஞ்ச் சர்ஜரியில் கல் எடுக்கும் வசதி இங்கே உண்டா, இல்லையென்றால் எங்கே உண்டு? மூன்றுக்கும் பதில் வாங்கிய பிறகு டாக்டர் "வேண்டாம்" என்றால் மரியாதையாக ஏற்றுக்கொண்டு, அரசின் பட்டியலில் பெயர் பதிந்து காத்திருங்கள். "சரி" என்றால், கொடுப்பவரின் அடுத்த முப்பது வருடத்துக்கும் சேர்த்து அந்தக் குடும்பம் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். இதைக் கேட்கும் துணிச்சல் நமக்கு இருந்தால், 1971இல் பக்கத்து ஊரில் தொடங்கிய காரியம் நம் தெருவுக்கும் வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.